வாலடிக் கணக்கு

கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையோரத்தில் ஒரு புளி மண்டி. மாட்டுக் கொட்டகைக்குள் புகுந்துவிட்ட உடும்பு ஒன்றைப் பிடித்து உரச்சாக்கில் போட்டு, காட்டுக்குள் விடக் கொண்டுபோன வனத்துறை ஊழியர்கள் டீ குடிக்க அங்கே வண்டியை நிறுத்தினார்கள். சாக்கு நெளிந்துகொண்டிருந்தது. மண்டிக்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. "எவ்ளோ இருக்குன்னுதான் பாத்துடுவோமே" என்று புளி நிறுக்கும் கொக்கித் தராசில் சாக்கை மாட்டினார். முள் 1 கிலோ 450 கிராமில் நின்றது. சாக்குக்கு நூறு கழித்தால் 1,350.

"நல்லா கொழுத்த உடும்புதான்" என்றார்கள் நின்றவர்கள்.

அவிழ்ந்த சாக்கின் வாயை ஊழியர் ஒருவர் மறுபடி முறுக்கிக் கட்டும்போது பின்னங்காலும் வாலின் தொடக்கமும் ஒரு கணம் வெளியே தெரிந்தன. திண்ணையில் உட்கார்ந்திருந்த மலைக்காரப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க கொழுத்துது? வாலு மொதல்ல பாருங்க தம்பி. எலும்பு தெரியுது. இது பட்டினி கெடந்தது."

தராசு ஒன்று சொல்கிறது, கிழவரின் கண் வேறொன்று சொல்கிறது. யார் சொல்வது சரி என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. உலகில் பெரிய பல்லியினங்களை ஆராய்கிறவர்கள் இந்தக் கேள்விக்காகத் தராசும் நாடாவும் கத்தியும் கணிதமும் கொண்டு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறார்கள். விநோதம் என்னவென்றால், அவர்களில் பலர் இந்த விலங்குகளைக் காப்பாற்றுவதற்காக அளக்கவில்லை. ஒழிப்பதற்காக அளக்கிறார்கள்.

கல்வராயன் என்றதும் செய்தித்தாள் வாசகருக்கு நினைவுக்கு வருவது சாராய ஊறல்தான். அது மலையின் குற்றமில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே அதைவிட உயரமான பெரிய கல்வராயன். சேலம் மாவட்டத்திலும் கள்ளக்குறிச்சியிலும் பரந்து கிடக்கிறது. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது மலையின் கிழக்குப் பாதி இந்தப் புதிய மாவட்டத்தோடு வந்தது. மலையாளி என்ற பெயர்கொண்ட பழங்குடியினரின் சாமைக் கொல்லையும் மரவள்ளிக் காடும் கடுக்காய் மரமும் இலையுதிர் காடும் கலந்த நிலம். உடும்புக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. பாறை இடுக்கு, கரையான் புற்று, பொந்து விழுந்த மரம், சாணம் நிறைந்த மேய்ச்சல் நிலம் எல்லாம் இருக்கின்றன. சாணத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உடும்பு பாம்பையும் முட்டையையும் தின்னும் என்பதை ஊரே அறியும். ஆனால் அதன் வயிற்றை நிரப்புவது பெரும்பாலும் வண்டும் புழுவும் வெட்டுக்கிளியும் நத்தையும் தேளும்தான். சாணத்தைக் கிளறி வண்டு பொறுக்குவது அதன் அன்றாட வேலை.

தமிழுக்கு உடும்பு புதிதில்லை. அதன் கொழுப்பும் புதிதில்லை. புறநானூற்று 68ஆம் பாட்டில் கோவூர் கிழார், பசியால் விலா எலும்பு எழும்பி நிற்கும் பாணனின் சுற்றத்தைக் காட்ட எடுத்த உவமை தோலுரித்த உடும்பு. அதே தொகையின் 326ஆம் பாட்டில் தங்கால் பொற்கொல்லனார் காட்டும் சிற்றூரில், வேட்டைச் சிறுவர் பிடித்துவந்த குறுங்கால் உடும்பின் கொழுப்பு நிணத்தைத் தயிர்க் கூழில் இட்டு, வீட்டுக்காரி பாணருக்கும் விருந்தினருக்கும் படைக்கிறாள். ஒரே தொகைநூலில் இளைத்த உடும்பு பாணனின் பசிக்கு அடையாளம், கொழுத்த உடும்பு அவன் பசிக்கு மருந்து. விலா தெரிந்தால் பட்டினி, நிணம் இருந்தால் செழிப்பு என்கிற அந்த அளவுகோலைத்தான் இன்றைய ஆய்வாளர் 'உடல்நிலை மதிப்பெண்' என்று ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு எழுதுகிறார். பிற்காலத்தில் நாம் உடும்பைத் துண்டு துண்டாகவே அறிந்துகொண்டோம். தோல் கஞ்சிராவுக்கு, நெய் மூட்டுவலிக்கு, பிடி பழமொழிக்கு. முழு உடும்பை நிறுத்திப் பார்த்தவர்கள் குறைவு.

இப்போது கொழுப்புக்கு வருவோம். நாட்டுக்கோழி அறுத்தவர்களுக்குத் தெரியும், வயிற்றுக்குள் மஞ்சளாகத் திரண்டு கிடக்கும் கொழுப்பு எப்படி இருக்கும் என்று. உடும்பு, டெகு, இகுவானா போன்ற பெரிய பல்லியினங்களுக்கும் அடிவயிற்றின் பின்பகுதியில் இரு பக்கமும் இரண்டு மடல்களாகக் கொழுப்பு சேர்கிறது. கொழுப்பு மடல்கள் என்று சொல்லலாம். இவை தவிர வாலின் அடியிலும் கொஞ்சம், ஈரலில் கொஞ்சம். மனிதனைப் போலத் தோலுக்கடியில் பரவலாகச் சேர்வது குறைவு. ஆகவே கொழுத்த பல்லிக்குக் கன்னம் உப்பாது. வயிறு கனக்கும், வாலடி திரளும்.

இந்த மடல்களை வங்கி இருப்பு என்று நினைத்துக்கொள்ளலாம். எவ்வளவு பெரிய இருப்பு என்பதற்கு ஒரு கணக்கு. விலங்குகள் காட்டில் ஒரு நாளைக்குச் செலவழிக்கும் ஆற்றலைப் பல இனங்களில் அளந்து, உடல் எடையிலிருந்து அதை ஊகிக்கும் சமன்பாடுகளை அமெரிக்க உடலியல் அறிஞர் கென்னத் நேகியும் அவருடைய குழுவினரும் 1999இல் வெளியிட்டார்கள். அவற்றின்படி 2 கிலோ எடையுள்ள ஊர்வனவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 170 கிலோஜூல் போதும். அதே எடையுள்ள பாலூட்டிக்கு ஏறத்தாழ 1,280 வேண்டும். 100 கிராம் கொழுப்பில் இருப்பது சுமார் 3,900 கிலோஜூல். ஆக, பாலூட்டி மூன்று நாளில் தீர்த்துவிடும் கொழுப்பை வைத்துக்கொண்டு உடும்பு மூன்று வாரம் நடமாடும். பொந்துக்குள் அசையாமல் படுத்துவிட்டால் செலவு இன்னும் பல மடங்கு குறையும், மாதக்கணக்கில் ஓட்டலாம். கையளவு மஞ்சள் கொழுப்பு ஒரு கோடையைத் தாண்டிவிடும் என்றால், அதன் எடையை அறிவது சின்ன விஷயமில்லை.

பெட்டைக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. முட்டைக் கரு வளர்வது பெரும்பாலும் அந்த மடல்களைக் கரைத்துத்தான். இந்த ஆண்டு எத்தனை முட்டை, அல்லது இந்த ஆண்டு முட்டையே இல்லை என்கிற முடிவு இருப்பைப் பொறுத்தது. ஓர் இனம் பெருகுமா தேயுமா என்ற கேள்விக்கு விடை அடிவயிற்றில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

இந்த விடையைத் தேடி வயிற்றைத் திறந்து பார்க்கும் வேலை பெருமளவில் நடப்பது அமெரிக்காவின் ஃபுளோரிடாவில். தென் அமெரிக்காவைச் சேர்ந்த கறுப்பு வெள்ளை டெகு நாலடிக்கும் மேல் வளரும் கனத்த பல்லி. பிரேசில், பராகுவே, உருகுவே, அர்ஜென்டினா அதன் தாயகம். செல்லப்பிராணி வியாபாரத்தில் ஃபுளோரிடாவுக்கு வந்து, தப்பியும் விடப்பட்டும் காட்டில் ஊன்றிவிட்டது. மயாமி-டேட், ஹில்ஸ்பரோ, சார்லட் மாவட்டங்களில் பெருகி, பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவின் டூம்ஸ், டட்னல் பகுதிகளுக்கும் போய்விட்டது. முட்டை என்றால் அதற்கு உயிர். முதலைக் கூட்டிலிருந்து டெகு முட்டை திருடுவதை ஆய்வாளர் வைத்த தானியங்கிக் கேமரா படம் பிடித்திருக்கிறது. அதைப் பிடிக்கும் பொறியிலும் கோழிமுட்டையைத்தான் வைக்கிறார்கள். அதே மாநிலத்தின் கேப் கோரல் நகரக் கால்வாய்க் கரைகளில் ஆப்பிரிக்காவின் நைல் உடும்பு குடியேறியிருக்கிறது. நம் உடும்புக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன். 2021இல் ஃபுளோரிடா அரசு டெகுவையும் பச்சை இகுவானாவையும் தடைசெய்யப்பட்ட இனங்களின் பட்டியலில் சேர்த்தது. கரீபியக் கடலில் கிராண்ட் கேமன் தீவில் 2018 இறுதியில் தொடங்கிய இகுவானா வேட்டையில் கொல்லப்பட்டவை பத்து லட்சத்துக்கும் மேல்.

இப்படிப் பிடித்துக் கொன்ற உடல்களைக் குழிதோண்டிப் புதைப்பதற்கு முன் ஆய்வாளர்கள் ஒன்று செய்கிறார்கள். நீளம் அளந்து, எடை பார்த்து, வயிற்றைத் திறந்து, கொழுப்பு மடல்களைத் தனியே வெட்டியெடுத்து நிறுக்கிறார்கள். உள்ளே எவ்வளவு கொழுப்பு என்பதும் வெளியே நாடாவும் தராசும் என்ன சொல்கின்றன என்பதும் பக்கம் பக்கமாகப் பதிவாகின்றன. வெளி அளவை வைத்து உள் கொழுப்பை ஊகிக்கும் சூத்திரத்தைச் சரிபார்க்க இதைவிட நேரான வழி கிடையாது.

அங்கே கேள்வி கொடூரமாக எளிமையானது. இந்த விலங்கு குளிர்காலத்தைத் தாண்டுமா? தாண்டினால் இன்னும் எவ்வளவு வடக்கே போகும்? டெகு குளிர்காலத்தில் வளைக்குள் முடங்கி, சேர்த்த கொழுப்பில் காலம் தள்ளும் விலங்கு. ஃபுளோரிடாவுக்கு வடக்கே அலபாமா மாநிலத்தின் ஆபர்னில் திறந்தவெளி அடைப்புகளில் டெகுக்களை விட்டுப் பார்த்தபோது, இன்றைய எல்லைக்கு வெகு அப்பாலும் அவை குளிர்காலத்தைக் கடந்துவிட முடியும் என்று தெரிந்தது. 2016இல் வெளியான இன்னோர் ஆய்வு மேலும் திகைக்க வைத்தது. இனப்பெருக்கக் காலத்தில் டெகு சுற்றுப்புறத்தைவிட 10 டிகிரி செல்சியஸ் வரை தன் உடலைச் சூடாக வைத்துக்கொள்கிறது. 'குளிர் ரத்தப் பிராணி' என்று பள்ளியில் படித்ததை இந்தப் பல்லி மதிக்கவில்லை. அந்தச் சூட்டுக்கும் விறகு வேண்டும். இருப்பில் இருக்கும் விறகு கொழுப்புத்தான்.

இனி கணிதம். அஞ்ச வேண்டாம், மண்டித் தராசு அளவுக்குத்தான்.

எடை ஏன் போதாது என்பது மனிதர்களிடமே தெரியும். 80 கிலோ ஆறடி ஆளுக்குச் சரி, ஐந்தடி ஆளுக்கு அதிகம். பெல்ஜிய அறிஞர் கெட்லே 1830களில் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தார். 1972இல் ஆன்செல் கீஸ் அதற்கு உடல் நிறை குறியீட்டெண் என்று பெயர் வைத்தார். இன்று எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் நர்ஸ் அதைத்தான் எழுதுகிறார். மீன்காரர்களோ வர்க்கத்துக்குப் பதில் கனத்தை எடுத்துக்கொண்டார்கள். மீனின் நீளம் இரட்டித்தால் அகலமும் தடிமனும் இரட்டிக்கும், எடை எட்டு மடங்காகும். ஸ்காட்லாந்தின் ஃபுல்டன் பெயரில் வழங்கும் குறியீடு அது. 1951இல் லெ கிரென் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரி மீன்களை வைத்து, எல்லா மீனும் கனத்துக்குக் கட்டுப்படாது, ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதன் வளர்ச்சி விகிதத்தைத் தனியே கண்டுபிடிக்க வேண்டும் என்று காட்டினார்.

பல்லியினங்களுக்கு நீளம் என்றால் மூக்கு நுனியிலிருந்து கழிவாய் வரை. வாலைச் சேர்ப்பதில்லை. வால் அறுபடும், நுனி தேயும், ஆளுக்கு ஆள் நீளம் மாறும். அளக்கும்போது வயிற்றுப் பக்கம் கிடத்தி, முதுகெலும்பை நேராக்கி, இழுக்காமல் அளக்க வேண்டும். உயிருள்ள உடும்பு இதற்கெல்லாம் ஒத்துழைக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 'உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்' என்ற பழமொழி எங்காவது இப்படி ஓர் அளவெடுப்பில்தான் பிறந்திருக்க வேண்டும்.

பலரும் கையாண்ட வழி இது. நூறு விலங்குகளின் நீளத்தையும் எடையையும் புள்ளிகளாகக் குறித்து நடுவே ஒரு கோடு போடு. கோட்டுக்கு மேலே இருப்பவை கொழுத்தவை, கீழே இருப்பவை இளைத்தவை. கோட்டிலிருந்து விலகல்தான் உடல்நிலை. எளிதாக இருந்ததால் ஆய்வுக் கட்டுரைகளில் இது பெருகியது. 2001இல் ஸ்பெயினில் பணியாற்றிய ஆண்டி கிரீன், இந்த விலகல் எண் பல நேரம் பொய் முடிவுகளைப் பெற்றுப்போடுகிறது என்று காரசாரமாக எழுதினார். நீளம் அளப்பதிலும் பிழை உண்டு என்பதைச் சாதாரணக் கோடு கணக்கில் எடுப்பதில்லை, அதனால் சிறியவையும் பெரியவையும் வேறு வேறு விதமாகத் தவறாக மதிப்பிடப்படுகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். எட்டாண்டு கழித்து, 2009இல், ஜோர்டி பெய்க் என்பவரோடு சேர்ந்து மாற்று ஒன்றைக் கொடுத்தார். எல்லா விலங்கையும் ஒரே பொது நீளத்துக்குக் கொண்டுவந்து, 'இந்த நீளம் இருந்தால் இது எவ்வளவு எடை இருந்திருக்கும்' என்று கேட்பது. நீளம் சீராக்கிய எடை என்று தமிழில் சொல்லிப்பார்க்கிறேன்.

கணக்குக்காக இரண்டு உடும்பைக் கற்பனை செய்வோம். முதலாவது 36 செ.மீ., 1,200 கிராம். இரண்டாவது 45 செ.மீ., 2,000 கிராம். பொது நீளம் 40 செ.மீ., வளர்ச்சி கன விகிதம் என்று வைத்துக்கொண்டால், முதலாவதன் சீராக்கிய எடை சுமார் 1,650 கிராம். இரண்டாவதுக்குச் சுமார் 1,400. தராசில் எடை குறைந்தது உண்மையில் கொழுத்தது, கனத்தது இளைத்தது. சந்தையில் எடைக்கு விற்றால் ஏமாறுபவர் யார் என்று தெரிகிறதல்லவா.

இந்த இடத்தில் பலரும் நிம்மதியாகக் கணினியை மூடிவிடுகிறார்கள். எனக்கு நிம்மதி வருவதில்லை. சீராக்கிய எடையும் எடைதான், கொழுப்பில்லை. காலையில் பெருச்சாளியை விழுங்கிய உடும்பு மாலையில் கொழுத்ததாகத் தெரியும். தாகத்தில் நீர் வற்றிய உடும்பு இளைத்ததாகத் தெரியும். இன்னும் மோசம், முட்டை சுமந்த பெட்டை. நம் உடும்பு ஓர் ஈட்டில் இருபது முட்டை போலப் போடும், டெகு முப்பதையும் தாண்டும். அந்த முட்டைகளைச் செய்யத்தான் பெட்டை தன் கொழுப்பைக் கரைத்திருக்கிறது. இருப்பு காலியான நாளில்தான் தராசு அவளைக் கொழுத்தவள் என்று பாராட்டும்! அதனால் கவனமாகச் செய்பவர்கள் ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறார்கள், மாதத்தையும் குறிக்கிறார்கள், இறந்த உடலென்றால் வயிற்றில் உள்ள இரையையும் முட்டையையும் எடையிலிருந்து கழிக்கிறார்கள்.

வாலடிக்கு இங்கேதான் மதிப்பு கூடுகிறது. தின்ற பெருச்சாளி வாலுக்குப் போகாது. முட்டையும் போகாது. கழிவாய்க்குச் சற்றுக் கீழே, ஆண் உறுப்புகள் ஒடுங்கும் பகுதியைத் தாண்டி நாடாவைச் சுற்றி அளந்தால் கிடைப்பது தசையும் கொழுப்பும் மட்டுமே. நீளத்தோடும் எடையோடும் வாலடிச் சுற்றளவையும் சேர்த்து எழுதினால், எடை பொய் சொல்லும் இடத்தைச் சுற்றளவு காட்டிக்கொடுக்கும். அல்ட்ராசவுண்டு, எலும்பு அடர்த்தி பார்க்கும் எக்ஸ்ரே கருவி, சி.டி. ஸ்கேன் எல்லாம் உயிரோடு வைத்தே கொழுப்பைப் பார்க்க உதவும். நாலு பேர் தூக்கிக்கொண்டு மலையேற முடியாது என்பதுதான் குறை.

கொழுப்பு என்றாலே நலம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கமும் ஒரு பொறிதான். பாங்காக்கின் லும்பினி பூங்காவில் நீர் உடும்புகள் பெருத்துப் பெருகி, 2016இல் நூறளவு உடும்புகளை நகர நிர்வாகம் பிடித்து அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. குப்பையும் எறியும் தீனியும் இருக்கும் இடத்தில் உடும்பு சேர்ந்துகொண்டே போகும். கோழி இறைச்சிக் கழிவைக் கொட்டும் எந்தச் சாலையோரத்திலும், நம் அடிவாரங்களிலும்கூட, இதே கதை சின்ன அளவில் நடக்கலாம். அடைத்து வளர்க்கும் உடும்புக்கு அதிகத் தீனியால் ஈரலில் கொழுப்பு படிந்து நோயாவது கால்நடை மருத்துவர் அறிந்த ஒன்று. ஆகவே குப்பைமேட்டு உடும்பின் பெரிய எண்ணையும் காட்டு உடும்பின் நடுத்தர எண்ணையும் பக்கத்தில் வைத்து, முதலாவது நன்றாக வாழ்கிறது என்று யாராவது எழுதினால் நான் நம்பமாட்டேன்.

இவ்வளவையும் கல்வராயனுக்குக் கொண்டுவரும்போது நிலைமை தலைகீழாகிறது. இங்கே உடும்பு அயலான் இல்லை, மண்ணின் குடி. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு இருக்கிறது. வேட்டையாடினால் மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். கொன்று திறந்து பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. ஆய்வுக்காகப் பிடித்து அளக்கவே மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியும், முதல் அட்டவணை விலங்கு என்பதால் மத்திய அரசின் முன் ஒப்புதலும் வேண்டும். சந்தைகளில் மூட்டுவலிக்கும் ஆண்மைக்கும் என்று விற்கும் உடும்பு நெய்யும் சாண்டா என்ற பல்லியின் எண்ணெயும் வேறு எந்த விலங்குக் கொழுப்பையும் போலக் கொழுப்பு அமிலம்தான். 2017இல் அம்பலமான 'ஹத்தா ஜோடி' மோசடி அதைவிடக் கேவலம். அபூர்வ வேர் என்று பூஜைக்கு விற்றது உடும்பின் உலர்ந்த ஆண் உறுப்பை. கொழுத்த உடும்புக்குத்தான் இந்தச் சந்தையில் விலை. இருப்பு வைத்திருக்கும் பெட்டை, அதாவது அடுத்த ஈட்டு முட்டைக்குத் தயாரான பெட்டை, முதலில் சாகிறது என்று பொருள்.

அயலான் ஆவது யார் விதியில் எழுதியிருக்கிறது என்பதும் எளிதில் சொல்லக்கூடியதில்லை. நம் வேலியோர ஓணான் சிங்கப்பூரில் வந்தேறி. அங்கே உள்ளூர்ப் பச்சை ஓணானைப் பல இடங்களிலிருந்து ஒதுக்கிவிட்டது. எதிர்த்திசையில், சென்னையிலும் பிற நகரங்களிலும் இகுவானா வளர்ப்பது நாகரிகமாகிவிட்டது. 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினச் சட்டம், அயல் ஆக்கிரமிப்பு இனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை முதன்முறையாக மத்திய அரசுக்குத் தந்தது. பன்னாட்டு வன உயிரின வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல் விலங்கை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்ற விதிகள் 2024இல் வந்தன. டெகுவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஃபுளோரிடாவின் கதை தொடங்கியதும் இப்படித்தான், ஒரு கண்ணாடித் தொட்டியிலிருந்து.

ஃபுளோரிடாவுக்கும் நம் உடும்புக்கும் இன்னொரு பழைய உறவு இருக்கிறது. கொமோடோ தீவில் ஏறத்தாழ ஓராண்டு தங்கி அங்குள்ள மாபெரும் உடும்பை ஆராய்ந்த வால்டர் ஆஃபன்பர்க், ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர். அவரே பின்னாளில் நம் உடும்பை எடுத்துக்கொண்டு, அதன் இரை, வளை, சண்டை, முட்டை எல்லாவற்றையும் பற்றி 1994இல் ஒரு தடித்த நூலை வெளியிட்டார். நம் மேய்ச்சல் காட்டு உடும்பைப் பற்றி இன்றுவரை அதற்கு நிகரான நூல் இல்லை. அவர் உடும்பைத் தேடி இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்தார். பிறகு அவருடைய மாநிலத்துக்கே ஆப்பிரிக்க உடும்பு குடியேறியது.

ஃபுளோரிடாவில் திறக்கப்பட்ட வயிறுகளிலிருந்து கிடைத்த அறிவை நாம் இங்கே எடுத்துக்கொள்ளலாமா? முறையை எடுத்துக்கொள்ளலாம், எண்ணை எடுத்துக்கொள்ள முடியாது. டெகு கட்டையானது, குளிர்காலம் முழுக்கப் படுப்பது. உடும்பு நீண்ட கழுத்தும் ஒல்லி உடலுமாய் அலைவது. டெகுவின் கோட்டில் உடும்பை வைத்தால் மலையிலுள்ள எல்லா உடும்பும் பட்டினி கிடப்பதாகத் தெரியும். கல்வராயன் உடும்புக்குக் கல்வராயன் உடும்புகளிலிருந்தே கோடு வரைய வேண்டும். அதற்கு யாரையும் கொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளும் கிணற்றிலும் விழுந்து மீட்கப்படும் ஒவ்வொரு உடும்பையும், விடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, துணிப்பையில் எடை, நாடாவில் நீளம், வாலடிச் சுற்று, தேதி, இடம் என்று எழுதினால் போதும். அனுமதியுள்ள துறையின் கையிலேயே விலங்கு இருக்கிறது. சாலையில் அடிபட்டுச் செத்தவை இன்னொரு வழி. உடற்கூறாய்வு செய்யும் கால்நடை மருத்துவர் கொழுப்பு மடல்களையும் நிறுத்து எழுதிவிட்டால், ஃபுளோரிடாவில் கொன்று பெற்றதை நாம் கொல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெறுவோம். மழைக்கு முன், மழைக்குப் பின் என்று சில ஆண்டு தொடர்ந்தால், இந்த மலை தன் உடும்புக்குச் சோறு போடுகிறதா என்பது தெரிய ஆரம்பிக்கும். மாடு குறைந்து சாணம் குறைந்தால் வண்டு குறையுமா, வண்டு குறைந்தால் வாலடி மெலியுமா என்றெல்லாம் அப்போது கேட்கலாம்.

பெரியவரின் கண்ணை இந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது? வேட்டையாடிய தலைமுறையின் கடைசி ஆட்களில் ஒருவர் அவர். "இப்ப யாரும் தொடுறதில்ல, பாரஸ்ட்டுக்காரங்க உள்ள போட்டுடுவாங்க" என்று சிரித்தார். எத்தனையோ உடும்பை அறுத்து, வெளியே பார்த்ததையும் உள்ளே இருந்ததையும் ஒப்பிட்டுப் பழகிய கண் அது. ஃபுளோரிடா ஆய்வகம் செய்வதும் அதைத்தான், அங்கே அட்டவணையில் இருக்கிறது, இங்கே அவர் தலைக்குள் இருக்கிறது. பெரியவர்கள் மூன்று நான்கு பேரைத் தனித்தனியே உட்காரவைத்து, ஒரே உடும்பின் படத்தைக் காட்டி மதிப்பெண் போடச் சொல்லி, நாடாவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஒத்துப்போகாத இடங்கள்தான் சுவையாக இருக்கும்.

அன்று நானும் வண்டியின் பின்னால் போனேன். விடுகிற இடத்தில், ஒருவர் கழுத்தையும் இன்னொருவர் பின்னங்கால்களையும் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் நாடாவை வைத்தார். மூக்கு முதல் கழிவாய் வரை 42 செ.மீ. வாலடியில் இடுப்பெலும்பின் இரண்டு முனைகளும் தோலுக்கடியில் சின்னக் கொட்டைகள்போலத் துருத்தியிருந்தன, நடுவே தோல் மடிந்து கிடந்தது. நாடாவைச் சுற்றுவதற்குள் உடும்பு புரண்டுவிட்டது. சுற்றளவு கிடைக்கவில்லை. 40 செ.மீ.க்குச் சீராக்கினால் 1,170 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. என் கற்பனை உடும்புகள் இரண்டையும்விட மெலிந்தது. ஆனால் கற்பனையோடு ஒப்பிட்டு என்ன செய்வது? அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்த மலையில் அளந்த இன்னோர் உடும்பு என் நோட்டில் இல்லை.

பிடியை விட்டதும் அது ஓடவில்லை. கொஞ்ச நேரம் வயிற்றைத் தரையில் அழுத்திக் கிடந்தது, நாக்கை இரண்டு முறை நீட்டியது. பிறகு காய்ந்த சாணக் குவியல் ஒன்றின் பக்கம் நிதானமாக நடந்துபோய், முன்னங்காலால் அதைக் கிளற ஆரம்பித்தது.